தலைவருக்கு மட்டும் வந்த பிழை

பனையளம் ஊர்த்தளத்தில் அந்தப் பிழை ஒரே ஒரு மனிதருக்குத்தான் வந்தது. மற்ற எல்லோருக்கும் தளம் வழுக்கிக்கொண்டு ஓடியது. உப்பு விலை பார்க்க முடிந்தது, டாக்டரிடம் முறை வாங்க முடிந்தது, லாரிக்குச் சொன்னால் லாரி வந்தது. ஊர்க்கமிட்டித் தலைவர் பால்வண்ணன் மட்டும் நிர்வாகப் பகுதிக்குள் நுழையப் பெருவிரலை வைத்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் '500 – உள்ளகச் சர்வர் பிழை' என்று வெள்ளையாக வந்து நிற்கும்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவன் தேங்கிக் கிடந்த தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தான். இன்னொருவன் மேலே ஒட்டவைத்திருந்த சின்னச் சின்ன நிரல்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். மூன்றாமவன் சர்வரையே புதிதாக மாற்றிக் கொடுத்து, "இனிமே வரவே வராது சார்" என்று கையடித்துச் சொல்லிவிட்டுப் போனான். அவன் பஸ் ஏறுவதற்குள் பிழை திரும்பி வந்துவிட்டது.

நான்காவதாக வந்தவள் உலகம்மாள். சென்னையில் சர்வர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் மூத்த இன்ஜினியர். வேலைப் பட்டியலில் பனையளம் என்ற பெயரைப் பார்த்ததும் அவளே மேலாளரிடம் போய், "இதை நான் எடுத்துக்கிறேன் சார்" என்று கேட்டு வாங்கினாள். இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய ஆள் எதற்கு என்று அவர் யோசித்தார். அவள் அந்த ஊரில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. பதினேழு வயதில் வெளியேறியவள், அதற்குப் பிறகு தூத்துக்குடி ரயிலில்கூட ஏறியதில்லை. பால்வண்ணன் தவிக்கிறார், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பார்ப்பதற்குச் சம்பளமும் உண்டு என்றால், கரும்பு தின்னக் கூலியா கேட்பார்கள்?

பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. அவளுடைய அப்பா தங்கபாண்டிக்கும் இதே உப்பளத்தில் நான்கு பாத்தி இருந்தது. பால்வண்ணனின் ஆட்கள் கடல் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைத்தபோது அப்பா போலீஸில் எழுதிக் கொடுத்தார். செய்த தப்பு அவ்வளவுதான். எந்த வழக்கானாலும் முதலில் கமிட்டிக்கு வர வேண்டும், கமிட்டியைத் தாண்டிப் போகிற வீட்டை ஊர் ஒதுக்கி வைக்கும் என்பது கட்டுப்பாடு. ஒதுக்கி வைத்தார்கள். கடையில் அரிசி கொடுக்கவில்லை. லாரி உப்பை ஏற்றவில்லை. வாரிக் குவித்த உப்பு ஐப்பசி மழையில் கரைந்து வந்த வழியே போனது.

அதையெல்லாம்கூட உலகம்மாள் மறந்திருப்பாள். தம்பி கதிரேசன் ஒருநாள் வயிற்று வலியில் சுருண்டு விழுந்தான். அவள் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆட்டோக்கள் நின்றன, டிரைவர்களும் நின்றார்கள், ஒருவனும் அவள் பக்கம் திரும்பவில்லை. டீக்கடை வாசலில் நின்றிருந்த பால்வண்ணன் மட்டும் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அப்பா மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தம்பி போய்விட்டான். குடல்வால் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த ஆளை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் அவளுக்கு இல்லை.

பால்வண்ணன் வீடு இப்போது மூன்று மாடி. கீழே தெருவைப் பார்த்த அறைதான் கமிட்டி அலுவலகம். அவர் எழுபதைத் தாண்டியிருந்தார். முகத்தில் பல நாள் தாடி. அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாம்மா, வா. மெட்ராஸ் இன்ஜினியர் நீதானா? உக்காரு. எந்த ஊருப் பொண்ணு நீ?"

"மெட்ராஸ்தான் சார்."

அவர் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பேச ஆள் கிடைக்காமல் காய்ந்து கிடந்தவர் என்பது சட்டென்று தெரிந்தது.

"இந்தச் சர்வர் கெட்டதுல இருந்து எனக்கு ஒரு காரியமும் ஓட மாட்டேங்கு. லாரிக்குச் சொன்னா லாரி வரல. கொள்முதல்காரன் என் உப்பைத் தொட மாட்டேங்கான். முடிவெட்டுதவன் வீட்டுக்கு வாரதை நிறுத்திட்டான். தெருவுல இறங்குனா ஒருத்தனும் முகம் குடுக்க மாட்டேங்கான்."

"தெருவுல முகம் குடுக்காததுக்கும் சர்வருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"கோவம்மா. தலைவரு இன்னும் அதைச் சரி பண்ணலையேன்னு ஊருக்கே எம்மேல கோவம். தலைவன்னு ஒருத்தன் இருந்தா நாலு பேரு கோவிக்கத்தான் செய்வான்." அவர் மூலையில் நின்றிருந்த எழுத்தர் பக்கம் திரும்பினார். "ஏல சம்முவம், அம்மாவுக்குச் சர்வர் ரூம் சாவியை எடுத்துக் குடு."

எழுத்தர் சண்முகக்கனி ஐம்பது வயது ஆள். அவர் தலைவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "மெட்ராஸ்ல இருந்து வந்தவுகளுக்குச் சாவி ஆணியில கிடக்கு, காலண்டரே" என்றார்.

"இவனுக்கு மூளை குழம்பிட்டு. ஒரு மாசமாக் காலண்டரோடதான் பேசுதான்" என்றார் பால்வண்ணன்.

அந்த மாதிரிப் பேச்சை உலகம்மாள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். ஒதுக்கி வைத்த வீட்டோடு தவிர்க்க முடியாமல் பேச வேண்டி வந்தால் பனையளத்துக்காரர்கள் சுவரோடு பேசுவார்கள். சுவர் கேட்டால் குற்றமில்லை. பிள்ளைகளை இனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று வாத்தியார் அவளுடைய அம்மா எதிரில் நின்று ஒரு சுவரிடம்தான் சொன்னார். அந்த மரியாதை இப்போது தலைவருக்கே கிடைக்கிறதா? அவள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "நாளைக்குள்ள முடிக்கணும்னு எழுதியிருந்தீங்களே, ஏன் சார் அவசரம்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு அமாவாசை. அமாவாசைக்கு அமாவாசை தலைவரால நிர்வாகப் பகுதியைத் தொறக்க முடியலன்னா நாற்காலி துணைத்தலைவருக்குப் போயிரும்னு விதி. நாந்தான் எழுதி வச்சேன். எவனாவது தலைவனாயிட்டுத் துபாய்ல போய் உக்காந்துறக் கூடாதுல்லா." அவர் சிரிக்க முயன்றார். "முப்பது வருஷமா இருக்க நாற்காலிம்மா. அதை மட்டும் காப்பாத்திக் குடுத்துரு."

சர்வர் அறையில் உட்கார்ந்து உலகம்மாள் பதிவுகளைப் படித்தாள். சர்வர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. நினைவகம் போதும், கோப்புகள் சரி, இணைப்பு சரி. முன்னால் வந்த மூன்று பேரும் நோய் இல்லாதவனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள்.

பனையளத்தில் இப்போது யாரும் நேரில் பேரம் பேசுவதில்லை. வீட்டுக்கொரு பதிலாள் இருந்தது. பெயர்தான் ஆள், அது ஒரு மென்பொருள். சுவரில் பதித்த சின்னப் பெட்டி வழியாக வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டின் குணத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு வீட்டுக்காரருக்குப் பதிலாக மற்ற பதிலாட்களோடு பேசி உப்பை விற்கும், லாரி பிடிக்கும், கல்யாணத்துக்கு அழைக்கும், கோபித்துக்கொண்ட மச்சினனைச் சமாதானம்கூடச் செய்யும். தலைவர் நிர்வாகப் பகுதியைத் திறக்கும்போது ஊரில் உள்ள அத்தனை பதிலாட்களும் ஒரு வணக்கம் சொல்லி, தத்தம் வீட்டு நிலவரத்தைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பக்கம் நிரம்பும். ஒருவர் பதில் சொல்லாவிட்டால் சமாளிக்கும். ஊரே பதில் சொல்லாவிட்டால்? காத்திருந்து காத்திருந்து பக்கம் விழுந்துவிடும்.

அவள் பல்பொருள் கடைக்காரர் வீட்டுப் பதிலாளைக் கூப்பிட்டு எழுத்தில் கேட்டாள்: 'தலைவருக்கு ஏன் வணக்கம் சொல்லவில்லை?'

பதில் உடனே வந்தது. 'அந்த வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லம்மா.'

உலகம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இன்னொரு வீட்டைக் கேட்டாள், இன்னும் ஒன்றைக் கேட்டாள். ஒரு பதிலாள் பணிவாகச் சொன்னது, ஒன்று வெடுக்கென்று சொன்னது, எல்லாம் சொன்னது ஒன்றுதான்.

சண்முகக்கனியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தாள். "அண்ணாச்சி, நான் வெளியூர்க்காரி. எங்கிட்ட நீங்க பேசலாம்லா? தலைவரை ஊர் ஒதுக்கி வச்சிருக்கா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஊரு வைக்கலம்மா. அவரு சட்டம் வச்சிருக்கு. ஊர்த்தளம் கட்டும்போது ஒதுக்கி வைக்கதுக்குன்னே ஒரு பொத்தான் கேட்டு வாங்கினாரு. அமுக்குனா அந்த வீட்டு மேல செவப்புப் புள்ளி விழும். அதுக்கப்புறம் எந்தப் பதிலாளும் அந்த வீட்டோட கொடுக்கல் வாங்கல் வச்சுக்காது. யாராவது இரக்கப்பட்டுப் பேசிட்டா அந்த வீட்டு மேலயும் தானாப் புள்ளி விழும். இதுவும் அவரு போட்ட சட்டந்தான்."

"யார் மேல அமுக்கினார்?"

"பெத்த மவ மேல. ஆவுடை. வேற சாதி ஆளுகள்ல ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டு அளத்துக்கு அந்தாண்ட குடியிருக்கு. ஊரு பாத்துக்கிட்டு இருக்கும்போது அமுக்கினாரு. எனக்கு மவளும் ஒண்ணுதான், மத்தவனும் ஒண்ணுதான்னு சொல்லிக்கிட்டு." சண்முகக்கனி ஒரு வாய் குடித்தார். "அப்புறம் பத்து நாள்ல அவரு வீட்டு மேலயே புள்ளி விழுந்துட்டு. அவரு வீட்டுல யாரோ ஆவுடைகிட்டப் பேசியிருக்காக."

"அவருக்கு இது தெரியாதா? புள்ளி அவர் திரையில் தெரியாதா?"

"தன் வீட்டுப் புள்ளி தனக்குத் தெரியாதும்மா. ஊருதான் சொல்லணும். சொல்லணும்னா பேசணும். பேசினா எங்க வீட்டு மேல விழும்."

"காலண்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." சண்முகக்கனி கிளாஸை வைத்தார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருந்தாம்மா. அவளை ஒதுக்கி வச்சப்ப நானே அவ வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஊருல வீட்டுக்கு ஒரு கதை உண்டு. இப்ப நாங்க சட்டத்தை மீறல, கடைப்பிடிக்கோம். அதைத் தப்புன்னு அவராலயே சொல்ல முடியாது."

ஊரே சேர்ந்து ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறது. உலகம்மாளுக்கு அந்த ஊரின் மேல் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் பிரியம் வந்தது. "நாளைக்கு அவர் நாற்காலி போனா அடுத்து என்ன?" என்று கேட்டாள்.

"துணைத்தலைவர் டீச்சரம்மா. மொத வேலையா ஆவுடை மேல இருக்க புள்ளியை எடுத்துருவாக."

"தலைவர் மேல இருக்கிறதை?"

"அதுக்கு ஊரு கூடணும்." சண்முகக்கனி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஊரு கூடுதுக்கு நேரமாகும்லா."

சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், நாளைக்கு நாற்காலி போய்விடும். ஆனால் அது போதவில்லை அவளுக்கு. சர்வர் கோளாறில் நாற்காலியை இழந்தேன் என்று அந்த ஆள் சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிவார். அவர் கையாலேயே அவருக்கு நடக்க வேண்டும். அவள் மறுபடியும் சர்வர் அறைக்குப் போய் ஆவுடை வீட்டோடு பேசியது யார் என்று தேடினாள். பேச்சு தலைவர் வீட்டு அடுக்களைப் பெட்டி வழியாகப் போயிருந்தது. தினமும் ஒன்று. 'சாப்பிட்டியா?' 'கால் வீக்கம் வத்துச்சா?' 'மாசத்துல ஒருக்க ஸ்கேன் பாக்கச் சொன்னாவளே, போனியா?' எல்லாம் பால்வண்ணன் என்ற பெயரில் பதிவாகியிருந்தது. வீட்டுக்கு ஒரு தலை, தலைக்கு ஒரு பதிலாள், பொம்பளைகளுக்குத் தனியாக எதற்கு என்பது அவர் போட்ட இன்னொரு சட்டம். அதனால் அவருடைய மனைவி வாயைத் திறந்து பேசியதெல்லாம் கணக்குப்படி அவர் பேசியது.

அடுக்களையில் முப்பிடாதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் வாசலில் நின்றதும் நிமிர்ந்து பார்த்து, கீரையைக் கீழே வைத்தாள்.

"நீ தங்கபாண்டி அண்ணாச்சி மவதானே? உள்ள வரும்போதே பாத்தேன். உங்க அம்மை நடை அப்படியே இருக்கு."

உலகம்மாள் மறுக்கவில்லை. "ஆமா."

"உன் தம்பிக்கு வலி வந்த அன்னிக்கு உங்க அம்மை கார் கேட்டு இந்த வீட்டு வாசலுக்கு வந்தா. கதவைச் சாத்தினது நாந்தான். அவுக சாத்தச் சொல்லக்கூட இல்ல. எனக்கே பயம்." முப்பிடாதி முந்தானையால் கையைத் துடைத்தாள். "உன்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாயி இல்ல."

"கேட்டாலும் குடுக்க எங்கிட்ட இல்ல" என்றாள் உலகம்மாள். அவள் பேச்சு தானாகவே ஊர்ப்பேச்சாக மாறியிருந்தது. "நீங்க ஆவுடைகிட்டப் பேசினதாலதான் இந்த வீட்டு மேல புள்ளி விழுந்திருக்கு. அதைச் சரி பண்ண ரெண்டு வழி இருக்கு. அவரு மவ மேல போட்ட ஆணையை ரத்துப் பண்ணணும். இல்லன்னா பேசின ஆளை வீட்டுக் கணக்குல இருந்து பிரிச்சு, புள்ளியை அந்த ஆளு மேல மட்டும் வைக்கணும். ரெண்டையும் அவருகிட்டச் சொல்லப் போறேன்."

"அவுக என்னைத்தான் பிரிப்பாவ."

"பிரிக்க மாட்டாருன்னு நெனச்சியளோன்னு பாத்தேன்."

"நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்." முப்பிடாதி உருவின கீரையைச் சட்டியில் அள்ளிப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒதுக்கி வச்சவுகளும் ஒதுக்கி வச்சவுகளும் தங்களுக்குள்ள பேசிக்கிடலாமா?"

உலகம்மாள் சட்டத்தை நினைத்துப் பார்த்தாள். இருக்கிற புள்ளிக்கு மேல் இன்னொரு புள்ளி விழ வழியில்லை. "பேசலாம். யாரும் தடுக்க முடியாது."

"அப்போ ஆவுடைக்குப் பிரசவம் நானே பாக்கலாம்."

"பாக்கலாம்."

"நீ போய் அவுககிட்டச் சொல்லும்மா" என்று முப்பிடாதி எழுந்தாள். "நான் ரெண்டு சேலையை எடுத்து வச்சுக்கிடுதேன்."

உலகம்மாள் அலுவலக அறைக்குத் திரும்பி நடந்தாள். அந்த ஆள் மட்டும் மகளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷம் வளர்த்த வன்மம் நமுத்துப்போன புஸ்வாணம் மாதிரி ஆகிவிடும். அவர் நல்லவராகிவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

அவள் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். பால்வண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊர் தன்னை ஒதுக்கி வைத்திருக்கிறது என்பது புரிந்ததும் முகம் செத்துப்போனது. மனைவி பேசியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அதே முகம் சிவந்தது.

"அந்தச் சிறுக்கி பண்ணின வேலையா? எஞ்சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிச்சிருக்கா."

"ரெண்டு வழி சொன்னேன் சார். மகள் மேல இருக்கிற ஆணையை நீங்க ரத்து பண்ணினா, யாரும் தப்பே செய்யலன்னு ஆயிடும். எல்லாப் புள்ளியும் போயிடும். ஒரு விரல் ரேகை போதும்." அவள் வேண்டுமென்றே நிதானமாக, இரண்டாம் முறையும் சொன்னாள். வேலைக்கு வந்தவள் சொல்ல வேண்டியதை அவள் குறையில்லாமல் சொல்லிவிட விரும்பினாள்.

"ரத்து பண்ணிட்டு நான் ஊர்ல எப்படி நடமாடுதது? தலைவன் மவளுக்கு ஒரு சட்டம், ஊரான் மவளுக்கு ஒரு சட்டமான்னு கேக்க மாட்டானா?"

"இன்னொரு வழி, உங்க வீட்டம்மாவைப் பிரிக்கிறது."

"பிரி."

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உலகம்மாளின் வேண்டுதல் பலித்துவிட்டது. அவள் பழுதுபார்ப்பு வாசலைத் திறந்து, முப்பிடாதியின் பெயரைத் தனி வீடாக மாற்றி, விரல் வைக்கும் இடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"விரல் வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சார். பிரிச்சுட்டா அவங்க ஒதுக்கி வச்சவங்க. ஒரே கூரைக்குள்ள இருந்தாலும் அதேதான். நீங்க அவங்களோட ஒரு வார்த்தை பேசினாலும் புள்ளி உங்க மேல விழும். இந்த முறை உங்க வாய்லயே பேசினதா இருக்கும், பிரிக்க ஆளும் மிஞ்சாது. புரியுதா?"

"எம்மா, எனக்கே சட்டம் சொல்லித் தாரியா?" பால்வண்ணன் விரலை அழுத்தினார். "அந்தச் சட்டத்தை எழுதினவனே நாந்தான்."

வட்டம் சுற்றியது. நின்றது. நிர்வாகப் பகுதி திறந்தது. 'வணக்கம் தலைவரே' என்று மேலத்தெருவில் ஒரு வீடு சொன்னது. அடுத்து இன்னொரு வீடு, கடை, ஆஸ்பத்திரி, லாரி செட், கோயில். வணக்கங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பல்பொருள் கடைக்காரர் வீட்டுப் பதிலாள், ஒரு மாதமாகக் காணவில்லையே, உடம்புக்குச் சுகமில்லையா என்று விசாரித்தது. மூலையில் சண்முகக்கனி முதல்முறையாகத் தலைவர் முகத்தைப் பார்த்து, "வணக்கம் அண்ணாச்சி" என்றார்.

பால்வண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியாம்மா என் ஊரை" என்றார். அந்தக் கண்ணீரைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடுமோ என்று உலகம்மாள் உள்ளுக்குள் பயந்திருந்தாள். வரவில்லை.

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து பழகிய வாயால், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி முப்பிடாதி, அந்தப் பொண்ணுக்கும் எனக்கும் காப்பி போட்டு எடுத்துட்டு வா."

சுவர்ப்பெட்டியில் சின்னதாக ஒரு மணி அடித்தது. திரையில் இருந்த வணக்கங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அணைந்தன. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 500. சண்முகக்கனி எந்த அவசரமும் இல்லாமல் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னல இது?" பால்வண்ணன் திரையைத் தட்டினார். விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "மறுபடியும் வந்துட்டே. ஏல சம்முவம்." சண்முகக்கனி காலண்டரில் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பிடாதி... ஏட்டி, காதுல விழலையா?" அடுக்களையிலிருந்து பதில் வரவில்லை. பின்வாசல் கதவு திறந்து மூடுகிற சத்தம்தான் வந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் மெதுவாக உலகம்மாள் பக்கம் திரும்பினார். அந்த ஊரின் எல்லைக்குள் புள்ளி விழாதவர்களில் அவரோடு பேசக்கூடிய ஒரே ஜீவன் அவள்தான்.

"எம்மா. வாய் தவறி வந்துட்டும்மா. பழக்கத்துல வந்துட்டு. நீதான் ஏதாவது பண்ணணும். பண்ண முடியுமா, முடியாதா? அதையாவது சொல்லு."

ரயிலில் வரும்போது உலகம்மாள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். நான் தங்கபாண்டி மவ, கதிரேசனுக்கு அக்கா. அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. இப்போது அது நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். அதைச் சொன்னாலும் அது அவரோடு பேசியதாகத்தானே ஆகும்.

அவள் கணினியை மூடிப் பையில் வைத்தாள். சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தார்.

"உன்னத்தாம்மா கேக்கேன். நான் உனக்கு என்ன பண்ணினேன்? திட்டிட்டாவது போ. ஒரு வார்த்தை பேசிட்டுப் போம்மா."

உலகம்மாள் வெளியூர்க்காரி. எந்தப் பெட்டியும் அவள் பேச்சைக் கேட்கவில்லை, பேசியிருந்தால் எந்தப் புள்ளியும் அவள் மேல் விழுந்திருக்காது. ஆனாலும் அவள் கேட்டைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். பனையளத்துக் கட்டுப்பாட்டை அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, முழு மனதோடு மதித்தாள்.